கத்திரி வெயிலில் நகரத்துக்குள் பைக் ஓட்டுபவரின் முதல் பாதுகாப்புக் கியர்: முழுமையான வழிகாட்டி

வடபழனி சிக்னல், மே மாதம், மதியம் ஒன்றரை மணி. எதிரே 90, 89 என்று எண் இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே தார்ச் சூடு, பக்கத்தில் பஸ் இன்ஜின் சூடு, மேலே வெயில். அந்த ஒன்றரை நிமிடத்தில் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைக்கத் தோன்றவில்லை, ஜாக்கெட்டை உரித்துப் பைக்குள் திணிக்கத் தோன்றவில்லை என்றால் நீங்கள் சரியான கியரை வாங்கியிருக்கிறீர்கள். புதிதாக வண்டி எடுத்தவர்கள் "எந்த ஜாக்கெட் நல்லது?" என்று கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பது இதுதான்: மதிய சிக்னலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பீர்களா?

கியர் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் லடாக், ஊட்டி, நெடுஞ்சாலை என்றே பேசுகிறார்கள். வீட்டிலிருந்து ஆபீசுக்கு 12 கிலோமீட்டர், பாதி தூரம் நெரிசல், இதுதான் நம்மில் பலருடைய ஓட்டம். இதற்கான கியரை வேறு கணக்கில் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை அப்படி ஓட்டுபவர்களுக்கானது.

"மெதுவாகத்தானே போகிறேன்"

இந்த நினைப்பை முதலில் சரி செய்துகொள்வோம். வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி நின்றபடியே பக்கவாட்டில் சாய்ந்து, தலை அந்த உயரத்திலிருந்து தடையில்லாமல் விழுந்தால்கூட, தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். பிளஸ் ஒன் இயற்பியல் படித்தவர்கள் போட்டுப் பார்க்கலாம். ஐரோப்பிய ஹெல்மெட் தரமான இ.சி.இ-யின் அடிப்படை மோதல் சோதனை நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டரில்தான் நடக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தை அந்தச் சோதனை பார்ப்பதில்லை. தலை விழும் உயரத்தைத்தான் பார்க்கிறது. அந்த உயரம் நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் ஒன்றுதான்.

உரசல் வேறு கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தால் பத்து மீட்டருக்கு மேல் தாரில் சறுக்கிக்கொண்டு போவீர்கள். சாதாரண பருத்திச் சட்டை அதில் முதல் மீட்டர்களிலேயே கிழிந்துவிடும்; அதற்குப் பிறகு தேய்வது தோல். இந்த இரண்டையும் மனதில் வைத்தால் எதை முதலில் வாங்குவது என்பது தெளிவாகிவிடும்.

படி 1: ஹெல்மெட்டில் அவசரப்படாதீர்கள்

பணத்திலும் நேரத்திலும் முதல் பங்கை இதற்கே ஒதுக்குங்கள்.

முதல் முடிவு, ஃபுல் ஃபேஸா, முகம் திறந்த ஹாஃப் ஃபேஸா என்பது. வெயிலுக்கு ஹாஃப் ஃபேஸ் இதமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஜெர்மனியில் விபத்து ஆய்வாளர் டீட்மார் ஓட்டே நடத்திய ஆய்வில், விபத்தில் ஹெல்மெட்டின் எந்தெந்த இடத்தில் அடி விழுந்தது என்று குறித்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான அடிகள் தாடைப் பகுதியில் விழுந்திருந்தன. ஹாஃப் ஃபேஸில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அதனால் புதியவர்களுக்கு நான் ஃபுல் ஃபேஸ் மட்டுமே சொல்வேன். முகப்பைத் தூக்கும் மாடுலர் வகை வேண்டுமானால், ஓட்டும்போது தாடைப் பகுதியை மூடித்தான் ஓட்ட வேண்டும். தாடைப் பாதுகாப்புக்கும் சோதிக்கப்பட்டதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்து முத்திரை. 2021 ஜூன் 1 முதல் இந்தியாவில் ஐ.எஸ்.ஐ முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்கக் கூடாது. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்றும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டும். கடையிலேயே நின்று பாருங்கள், ஒரு நிமிட வேலை. நடைபாதையில் குவித்து விற்கும் முந்நூறு ரூபாய் ஹெல்மெட்டுகளில் இந்த எண் இருக்காது, அல்லது வேறு யாருடையதாகவோ இருக்கும்.

கையில் பணம் இருந்தால் ஐ.எஸ்.ஐ-யோடு இ.சி.இ 22.06 முத்திரையும் உள்ளதை வாங்குங்கள். பழைய 22.05-ஐவிட இதில் பல வேகங்களில் மோதல் சோதனை உண்டு. அடி சாய்வாக விழும்போது தலை எவ்வளவு சுழல்கிறது என்பதையும் அளக்கிறார்கள். ஸ்டட்ஸ், வேகா, ஸ்டீல்பேர்ட் போன்ற பழைய பெயர்களும், ஸ்டட்ஸின் எஸ்.எம்.கே, வேகாவின் ஆக்ஸர் போன்ற பெயர்களும் பெரும்பாலான ஊர்களில் கிடைக்கும். ஏறக்குறைய நான்காயிரம், ஐந்தாயிரம் ரூபாயில் இரண்டு முத்திரையும் உள்ள ஹெல்மெட் கிடைத்துவிடும்.

உண்மையில் உயிரைக் காப்பது வெளியே பளபளக்கும் ஓடு மட்டுமல்ல. உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு நசுங்கித்தான் அடியின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய இடம் திரும்ப எழாது. அதனால் அடிபட்ட ஹெல்மெட் வெளியே கீறல்கூட இல்லாமல் இருந்தாலும் அதோடு முடிந்தது. பழைய ஹெல்மெட்டை யாரிடமிருந்தும் வாங்காதீர்கள், அண்ணன் சும்மா கொடுத்தாலும்.

சைஸ் எடுக்கத் தையல்காரர் டேப் போதும். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, காதுக்கு மேலே, பின்மண்டை பிதுங்கி நிற்கும் இடம் வழியாகச் சுற்றி அளக்கவும். அப்புறம் போட்டுப் பாருங்கள். புது ஹெல்மெட் கன்னத்தை லேசாகப் பிதுக்க வேண்டும். "கொஞ்சம் டைட்டா இருக்கே" என்று தோன்றுவதே சரியான சைஸ். தலையை ஆட்டாமல் ஹெல்மெட்டைப் பிடித்துத் திருப்பினால் கன்னத்துத் தோலும் கூடவே நகர வேண்டும். பட்டையை மாட்டியபின் பின்பக்கம் கைகொடுத்து முன்னால் தூக்குங்கள். கழன்று வந்தால் அது உங்களுடையது அல்ல. கடைக்காரர் என்ன நினைத்தாலும் பதினைந்து நிமிடம் தலையிலேயே வைத்திருங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் குத்தி வலித்தால் அந்த மாடலின் உள்வடிவம் உங்கள் தலைக்கு ஒத்துவரவில்லை. பெரிய சைஸுக்குப் போகாமல் வேறு மாடல் பாருங்கள்.

வெயிலுக்கான விஷயங்கள் இதற்கு அப்புறம்தான். தாடையிலும் உச்சியிலும் காற்றுத் துளை இருப்பது போதாது. உள்ளே தெர்மாகோலில் வாய்க்கால் வெட்டிப் பின்பக்கம் வழியாகக் காற்று வெளியேறுகிறதா என்று லைனரை, அதாவது உள்துணியை, விலக்கிப் பாருங்கள். சில மலிவு மாடல்களில் வெளியே துளை இருக்கும், உள்ளே வழி இருக்காது. லைனர் கழற்றித் துவைக்கக்கூடியதாக இருப்பது நம் ஊரில் கட்டாயம். நிறம் வெள்ளை அல்லது வெளிர். சூடு குறைவாக ஏறும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், கறுப்பு ஹெல்மெட் போட்டவர்களைவிட வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்குக் காயம்படும் விபத்து 24 சதவீதம் குறைவாக இருந்தது.

வைசர், அதாவது முகத்துக்கு முன்னால் இறங்கும் கண்ணாடி, தெளிவானதாக இருக்கட்டும். கறுப்பு வைசரோடு மதியம் கிளம்பி இரவு திரும்புபவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. தெருவிளக்கு இல்லாத இடத்தில் மாடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. உள்ளே இறங்கும் சிறிய கறுப்புக் கண்ணாடி உள்ள மாடல் நகரத்துக்கு வசதி.

தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் மெல்லிய பருத்தி அல்லது விளையாட்டுத் துணித் தொப்பி ஒன்றை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். லைனர் நாறாது, வியர்வை கண்ணில் இறங்காது. நீண்ட கூந்தல் உள்ளவர்கள் கொண்டை போட்டால் ஹெல்மெட் முழுதாக இறங்காது. கழுத்தருகில் தாழ்வாகப் பின்னிவிட்டால் சரியாக உட்காரும்.

படி 2: கிளவுஸ்

சில வருடங்களுக்கு முன் தெருத் திருப்பத்தில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் என் வண்டியின் முன்சக்கரம் வழுக்கியது. வேகம் 25-கூட இருந்திருக்காது. தலையில் ஹெல்மெட் இருந்தது, கையில் ஒன்றுமில்லை. விழும்போது யோசிக்காமலே இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றினேன். தோல் போனது. மூன்று வாரம் சோற்றைக் கையால் பிசைய முடியவில்லை, சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிட்டார். அன்றிலிருந்து ஹெல்மெட்டுக்கு அடுத்தது கிளவுஸ் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

விழும் எல்லோருமே கையை ஊன்றுவார்கள். அதனால்தான் நல்ல கிளவுஸில் உள்ளங்கையின் அடிப்பகுதியில், மணிக்கட்டுக்கு அருகே, வழவழப்பான கெட்டி பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். ஸ்லைடர் என்பார்கள். தரையில் கை சிக்கி நிற்காமல் வழுக்கிப்போக அது உதவுகிறது. கை சிக்கி நின்றால் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமுள்ள ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு உடையலாம். அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, கூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

வெயிலுக்கு, விரல்களின் மேல்புறம் காற்றுப் புகும் மெஷ் வலைத்துணி, உள்ளங்கை தோல், மணிக்கட்டில் இறுக்கும் பட்டை உள்ள குட்டைக் கிளவுஸ் எடுங்கள். பட்டையை மாட்டியபின் மறுகையால் விரல் நுனியைப் பிடித்து இழுங்கள். கழன்றால் விழும்போதும் கழன்றுவிடும். பாதி விரல் கிளவுஸ் வேண்டாம். ஐரோப்பிய இ.என் 13594 தரமும் '1 கே.பி' என்ற குறியும் இருந்தால், விரல் முட்டிப் பாதுகாப்பும் சோதிக்கப்பட்டது என்று பொருள். போட்டுக்கொண்டு பிரேக் லீவரை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். துணி மடிந்து உள்ளங்கையில் உறுத்தினால் பத்தாவது நாள் அது வீட்டில்தான் கிடக்கும்.

படி 3: ஷூ

கணுக்காலை மூட வேண்டும், அவ்வளவுதான் முதல் விதி. வண்டி சாயும்போது முதலில் அடியில் மாட்டுவது பாதமும் கணுக்காலும். செருப்போடு ஓட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். கணுக்கால் எலும்பு மேல் கெட்டி வட்டு வைத்து, பார்ப்பதற்குச் சாதாரண ஷூ போலவே இருக்கும் ரைடிங் ஷூக்கள் வருகின்றன, இ.என் 13634 அதற்கான தரம். ஆபீசிலும் போட்டுக்கொள்ளலாம். அது இப்போதைக்கு முடியாவிட்டால் கணுக்கால் மூடும் கெட்டியான தோல் ஷூ. கயிற்றின் நுனியை உள்ளே செருகிவிடுங்கள், கியர் லீவரில் சுற்றும்.

படி 4: ஜாக்கெட்

எல்லோரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் நான்காவதாக வைத்திருக்கிறேன். இதில்தான் வெயில் உங்களைத் தோற்கடிக்கும்.

நகரத்துக்கு மெஷ் ஜாக்கெட். மார்பிலும் முதுகிலும் கைகளிலும் காற்று நேராக உள்ளே போகும் வலைத்துணி, தோள்பட்டையிலும் முழங்கையிலும் மட்டும் கோர்டுரா போன்ற கெட்டித் துணி. இந்தப் பங்கீடுதான் முக்கியம். விழும்போது தரையில் முதலில் தேயும் இடங்கள் தோளும் முழங்கையும். அங்கேயும் வலையே வைத்துத் தைத்த ஜாக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஐரோப்பாவின் இ.என் 17092 தரத்தில் உடைகளை 'ஏஏஏ', 'ஏஏ', 'ஏ' என்று உரசல் தாங்கும் அளவில் பிரிக்கிறார்கள். கோடை மெஷ் பெரும்பாலும் 'ஏ' வகையில் வரும். நகர வேகத்துக்கு அது நியாயமான சமரசம். அதே ஜாக்கெட்டோடு ஜி.எஸ்.டி. சாலையில் திருச்சிக்கு விரட்டினால் கணக்கு மாறிவிடும். 'சி' என்றால் அடிதாங்கும் பேட் மட்டும் உண்டு, உரசலுக்கு ஒன்றுமில்லை. சட்டைக்குள் போடும் வலை ஆர்மர்கள் இந்த வகை.

பேட்களை வெளியே எடுத்துப் பாருங்கள். வெறும் 'சி.இ' என்ற ஐரோப்பிய முத்திரை மட்டும் அச்சடித்திருந்தால் அதை நம்பாதீர்கள். சின்ன பைக் படம், இ.என் 1621 என்ற எண், பக்கத்தில் 1 அல்லது 2 என்று லெவல், மூன்றும் இருக்க வேண்டும். தோள், முழங்கை, முட்டிக்கான சோதனையில் அடியின் விசை பேட்டைத் தாண்டி உள்ளே போவது லெவல் 1-இல் சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேல் போகக் கூடாது, லெவல் 2-இல் 20-க்கு மேல் கூடாது. முதுகுக்கு அது 18-உம் 9-உம். முதுகில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: தோளில் நல்ல பேட் வைத்துவிட்டு முதுகில் மெத்தைப் பஞ்சு ஒன்றைச் செருகி விற்கும் ஜாக்கெட்டுகள் நிறைய. அந்தப் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, துளைகள் உள்ள லெவல் 2 முதுகுப் பேட் தனியாக வாங்கிச் செருகுங்கள். துளை இல்லாத பேட் முதுகில் ரொட்டிக் கல் மாதிரி சூட்டைத் தேக்கிவைக்கும்.

கடையில் நின்றபடி போட்டுப் பார்த்தால் போதாது. உங்கள் வண்டியிலேயே உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். முழங்கை பேட் முழங்கையிலேயே இருக்கிறதா? நண்பரை விட்டு அதைப் பிடித்துச் சுற்றச் சொல்லுங்கள். சுற்றினால், விழும்போதும் அது விலகும், முழங்கை தரையில் படும். தொளதொள ஜாக்கெட் காற்றோட்டமாக இருக்கும் என்று நினைத்து ஒரு சைஸ் பெரிதாக எடுக்காதீர்கள்.

ரைனாக்ஸ், வியாடெரா, ரைடா போன்ற இந்திய நிறுவனங்கள் நம் வெயிலுக்கென்றே மெஷ் தைக்கின்றன. ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாயிலிருந்து பார்க்கத் தொடங்கலாம். நிறம் வெளிர் சாம்பல். மழை லைனரும் குளிர் லைனரும் சேர்ந்தே வரும். கழற்றிப் பீரோவில் வையுங்கள்.

படி 5: முட்டி

ரைடிங் பேன்ட் போட்டு ஆபீசுக்குப் போய் மாற்ற இடம் இருந்தால் மெஷ் பேன்ட் வாங்குங்கள். இல்லாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்குச் சாதாரணப் பேன்ட் மேலேயே கட்டிக்கொள்ளும் முட்டிக் காப்பு நல்லது. மூட்டின் மேலும் கீழும் இரண்டு பட்டைகள் உள்ளது, நடுவில் மடங்குவது. கட்ட ஒரு நிமிடம், கழற்ற அரை நிமிடம். தொடையும் இடுப்பும் இதில் காக்கப்படாது என்பதைத் தெரிந்தே தேர்ந்தெடுங்கள். உள்ளே உரசல் தாங்கும் அராமிட் துணி வைத்த ரைடிங் ஜீன்ஸ் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் மே மாதச் சென்னையில் தொடை வேர்த்துக் கொப்பளிக்கும். டிசம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: வெயிலைப் புரிந்துகொண்டு உடுத்துவது

சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அவ்வளவு இல்லாவிட்டாலும் அக்னி நட்சத்திரத்தில் 40-ஐத் தொடுவது வழக்கம். நம் தோலின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், வேகமாக வீசும் காற்று உடம்புக்குச் சூட்டைத்தான் கொண்டுவருகிறது. அப்போது உடம்பைக் குளிர்விக்க ஒரே வழி, வியர்வை ஆவியாவது. "கையை வெறுமனே விட்டால் குளுகுளுவென்று இருக்கும்" என்பது 32 டிகிரி வரை சரி. 41-இல் வெறும் கை, ஹேர் டிரையருக்கு முன்னால் நீட்டிய கை. வெயில் நேரே படாமல், வியர்வை மெதுவாக ஆவியாகும்படி மெல்லிய துணி மூடிய கை அதைவிடச் சுகமாக இருக்கும்.

அதனால் ஜாக்கெட்டுக்குள் பருத்தி டி-ஷர்ட் போடாதீர்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொண்டு உடம்பில் ஒட்டும். விளையாட்டுக்காரர்கள் போடும் மெல்லிய முழுக்கை பாலியஸ்டர் சட்டை வியர்வையைப் பரப்பும், மெஷ் வழியாக வரும் காற்று அதை உலர்த்தும். ஆபீஸ் சட்டையைப் பைக்குள் மடித்து எடுத்துப் போய் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

இதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. வேலூர், திருச்சி, மதுரை போன்ற வறண்ட சூடுள்ள ஊர்களில் உள்சட்டையை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டு கிளம்பினால் இருபது நிமிடம் ஏ.சி. மாதிரி இருக்கும். சென்னை, கடலூர், தூத்துக்குடியில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அது அவ்வளவாக வேலை செய்யாது. கடற்கரை ஊர்க்காரர்கள் நேரத்தை மாற்றுவதே மேல்: எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

சிக்னலில் வைசரைத் தூக்குங்கள், ஜாக்கெட் ஜிப்பை மார்பு வரை இறக்கலாம்; நகரும் முன் ஏற்றிவிடுங்கள். கிளம்பும் முன் ஒரு சொம்பு நீர்மோர், உப்புப் போட்டு. தலைவலி, குமட்டல் வந்தால், வேர்த்துக்கொண்டிருந்த உடம்பு திடீரென்று வேர்க்காமல் நின்றால், யோசிக்காமல் நிழலில் நிறுத்தி ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் கழற்றிக் கழுத்திலும் தலையிலும் தண்ணீர் விடுங்கள். பேச்சு குழறினாலோ தடுமாறினாலோ பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

படி 7: பின்னால் உட்கார்பவர்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு பின்னால் உட்கார்பவருக்கும் பொருந்தும், நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும். அபராதம் ஆயிரம் ரூபாய் என்பது கிடக்கட்டும். முன்னால் இருப்பவர் ஐயாயிரம் ரூபாய் ஹெல்மெட்டும் பின்னால் மனைவி வெறுந்தலையுமாகப் போவதைத் தினமும் பார்க்கிறேன், மனது தாங்கவில்லை. உங்கள் பழைய ஹெல்மெட்டை அவர் தலையில் கவிழ்க்காதீர்கள். அவர் தலைக்கு அளந்து வாங்குங்கள். சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிவிட்டு உட்காரச் சொல்லுங்கள், சேலைக் காப்பை ஸ்டைலுக்காகக் கழற்றிவிடாதீர்கள்.

பணம் குறைவாக இருந்தால்

கையில் பத்தாயிரம்தான் இருக்கிறது என்றால், ஜாக்கெட்டை மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். ஹெல்மெட்டுக்கு நான்காயிரம், கிளவுஸுக்கு ஆயிரத்து ஐந்நூறு, முட்டிக் காப்புக்கு ஆயிரத்து ஐந்நூறு, மீதியில் ஷூ. அதுவரை கெட்டியான முழுக்கைச் சட்டை. சென்னைக்காரர்கள் ராயப்பேட்டை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் விலை விசாரித்துக்கொள்ளலாம், ஆனால் ஜாக்கெட்டும் கிளவுஸும் நிறுவனங்களின் சொந்தக் கடையிலோ, ரைடிங் கியர் மட்டுமே விற்கும் கடையிலோ போட்டுப் பார்த்து எடுப்பது நல்லது. ஆன்லைனில் வாங்கினால் சைஸ் மாற்றித் தருவார்களா என்பதை முதலில் படியுங்கள்.

வாங்கியபின்

மெஷ் ஜாக்கெட்டில் வியர்வை உப்பு ஏறும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேட்களை எடுத்துவிட்டு, குழந்தைத் துணிக்குப் போடும் மாதிரி மென்மையான சோப்பில் கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள். பேட்களை மறுபடி செருகும்போது இடது வலது, மேல் கீழ் மாறாமல் பாருங்கள். ஹெல்மெட் லைனரை வாரம் ஒருமுறை துவைக்கலாம். ஹெல்மெட்டின் வெளிப்புறத்தைத் தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைக்காதீர்கள்; பாலிகார்பனேட் ஓடு அதில் பலம் இழக்கும். வண்டிக் கண்ணாடியில் ஹெல்மெட்டை மாட்டித் தொங்கவிடும் பழக்கமும் வேண்டாம், கண்ணாடிக் கம்பி உள்ளே தெர்மாகோலில் குழி போடும். இருக்கையிலோ தரையிலோ நிமிர்த்தி வையுங்கள்.

தயாரித்த மாதமும் ஆண்டும் ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருக்கும். நம் வெயிலிலும் வியர்வையிலும் தினமும் போட்டால் ஐந்து ஆண்டுதான் கணக்கு. அந்த ஐந்து ஆண்டு முடியும் தேதியை இன்றே போன் காலண்டரில் ஏற்றிவிடுங்கள்.